சக்கரம் குடித்த தண்ணீர்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் மிதித்தால் முதலில் நடுக்கம்தான் வரும். ஸ்டேரிங் என் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கும். பெடல் உள்ளங்காலைத் திருப்பி உதைக்கும். கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கும் சின்னப் பிள்ளையார் குளிரில் நிற்பவர் போலக் கடகடவென்று ஆடுவார். இவ்வளவும் முடிந்த பிறகு, மனசு வந்தால், வண்டி நிற்கும்.

பின்னால் திறந்த பெட்டி வைத்த வண்டி அது. எங்கள் பக்கத்தில் கெப் என்போம். வட்டகொடைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கு கோவா, லீக்ஸ், கரட் என்று மரக்கறி ஏற்றிப் போய் இறக்குவது என் தொழில். வண்டி பழசுதான். ஆனாலும் எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த மேட்டிலும் மூச்சு வாங்காமல் ஏறும். முன் பிரேக் மட்டும்தான் என்னைப் பிடித்த சனியாக இருந்தது.

நான் தனியாகப் போய் வருகிறவன் என்றால் இதற்கு இவ்வளவு அலறியிருக்க மாட்டேன். பக்கத்து சீட்டில் என் மனைவி இருந்தாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை நுவரெலியா ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டாம் முறையும் தவறினால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். அதற்கு மேலே தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு பஸ் வருவது அதற்கு மனசிருந்தால்தான். வந்தாலும் மெஷினில் படுத்து எழுந்தவளை அந்தக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கூட்டி வர முடியாது. ஆகவே இந்தக் கெப். இது ஓடும் வரைக்கும்தான் அவள். இதை நான் யாரிடமும் வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பிரேக் நடுங்குகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மெஷினில் மாட்டுவதற்காக அவளுடைய இடது கையில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு பையைக்கூடத் தூக்கக் கூடாது. அதன் மேல் எதுவும் மோதக் கூடாது. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்த ஓட்டம் நின்றால் கை அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் அவள் முதலில் தன் விரலை வைத்துப் பார்ப்பாள். பிறகு என்னிடம் நீட்டுவாள்.

"ஓடுதாங்க?"

"ஓடுது, ஓடுது. வட்டகொடை ரயிலு மாதிரி ஓடுது."

அப்புறம்தான் அவள் எழுந்து தலை வாருவாள். வண்டியில் ஏறினால் அந்தக் கையை வலது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். நான் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த அணைப்பு இறுகும். நான் சாலையைப் பார்ப்பதா, அவள் கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓட்டுவேன்.

இதையெல்லாம்விடக் கொடுமை தாகம். சிறுநீர் போகாத உடம்பு. குடிக்கிற தண்ணீரெல்லாம் உள்ளேயே தேங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் அளவுதான் அவளுக்கு அனுமதி. காலைத் தேத்தண்ணீர், சோற்றில் ஊற்றுகிற குழம்பு, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் பாறையிலிருந்து விழுகிற தண்ணீருக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக் குடித்தவள் அவள். இப்போது வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். துப்பும்போது தொண்டை ஏறி இறங்கும். அவள் விழுங்கிவிட்டாளோ என்று நான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கு வாய் வருவதில்லை. சாராயம் குடிக்கிறவனைப் போல, எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் பின்னால் போய் ஒளிந்து தண்ணீர் குடிப்பேன். சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் தோட்டத்து ரோடு மலை உச்சியிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். வளைவுக்கு மேல் வளைவு. இறங்கி முடிகிற இடத்தில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். தொழிற்சாலையில் சுழல்கிற ரோதைகளைக் காப்பதற்காக அந்தக் காலத்தில் நட்டு வைத்த முனி. பிறகு வண்டிகள் வந்ததும் அவற்றின் சக்கரங்களும் அவர் பொறுப்பாகிவிட்டன. இறக்கம் இறங்கி வந்த எந்த வண்டியும் அங்கே நின்று, பக்கத்தில் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடித்து, முன் சக்கரங்களைக் கழுவிவிட்டுத்தான் பெரிய ரோட்டில் ஏறும். சாமிக்கு முன்னால் போகும்போது நாம் கால் கழுவுவதில்லையா, அது மாதிரி. நிறைய டிரைவர்கள் இப்போது சும்மா நாலு சொட்டு தெளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் மனைவி அப்படிச் செய்ய விடமாட்டாள்.

மெஷினுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வாளியை வலது கையால் பீலிக்கு அடியில் வைப்பாள். மலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், விடியற்காலையில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். வாளி நிறைய நிறைய அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நிறைந்ததும் நான் தூக்கி வந்து வைப்பேன். கிண்ணத்தால் மொண்டு மொண்டு, இந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஒரு வாளி, அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஒரு வாளி. இரும்பில் பட்டதும் சுர்ரென்று சத்தம் வரும், ஆவி கிளம்பும்.

"பாருங்க, எப்புடி பெருமூச்சு விடுதுன்னு. இதுக்கும் தாகம்."

"ஆமா, பாவம்."

"நான்தான் குடிக்க முடியல. இதாவது வயிறு நெறைய குடிக்கட்டும்."

கடைசிக் கிண்ணத்தை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்து, "குடிச்சிருச்சா?" என்று கேட்பாள். "குடிச்சிருச்சு, ஏறு" என்பேன். பிறகு விபூதியை எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் பூசிவிட்டு ஏறுவாள். ஏறும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அது சாமி கொடுத்த தெளிவு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தலவாக்கலையில் ஒரு கராஜ். அங்கே வேலை செய்கிறவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட வயசில் சின்னவர், கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் நீளம். முதல் தடவை நடுக்கம் என்று போனபோது டயரைப் பார்த்தார், வீல் நட்டுகளை முறுக்கினார். இரண்டு பயணம் போவதற்குள் மறுபடியும் நடுங்கியது. அடுத்த தடவை சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். சக்கரத்துக்கு உள்பக்கம் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கும், டிஸ்க். பிரேக்கை மிதித்ததும் இரண்டு பக்கமும் பேட் வந்து அந்தத் தட்டைக் கவ்வும். டிஸ்க் நெளிந்திருக்கிறது என்றார். லேத்தில் போட்டுச் சீவி, புது பேட்டும் போட்டுக் கொடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. மனைவிகூட, "என்னங்க, வண்டி நின்னதே தெரியல" என்றாள். அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. மறுபடியும் ஸ்டேரிங் உலுக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், மற்ற வண்டிகளில் வருஷக்கணக்கில் ஓடுகிற பேட், என் வண்டியில் பிஸ்கட் மாதிரித் தேய்ந்து கிடந்தது.

பாஸ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எறக்கம் பூரா கால பிரேக்கில வச்சுக்கிட்டே வாறீங்களா?"

"நான் லைசன் எடுத்தப்ப நீங்க டவுசர் போட்டிருக்க மாட்டீங்க, பாஸ்."

"அதில்லண்ணே. இப்புடித் தேயுறதுக்கு வேற காரணம் இல்லியே. பேட்ட அமுக்குற கெலிப்பர் நல்லாருக்கு. பேட் நல்ல பேட். மிச்சம் இருக்கிறது ஒங்க காலுதான்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இருபது வருஷமாக அந்த இறக்கத்தில் இறங்குகிறவன் நான். அன்றிலிருந்து வைராக்கியமாக செகண்ட் கியரிலேயே ஊர்ந்து இறங்கினேன். ஆனாலும் பெட்டி நிறையக் கோவா, கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சமாவது மிதிக்காமல் முடியாது. மிதிப்பேன், அது நடுங்கும், நான் பாஸைத் திட்டுவேன், அவள் கையை அணைத்துக்கொள்வாள்.

லயத்தில் வேறு வாய் சும்மா இருக்குமா? சீக்காளியை ஏற்றுகிற வண்டி, திருஷ்டி இருக்கிறது, கழித்துப் போடுங்கள் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவனும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைமை வருமே, அந்த நிலைமையில் இருந்தேன். ரோதமுனிக்கு முன்னால் தேங்காய் உடைத்தேன், எலுமிச்சம்பழம் நசுக்கினேன். அவளிடம், "இன்னொரு வாளி சேத்து ஊத்து புள்ள" என்று சொன்னவனும் நான்தான். அவளும் சந்தோஷமாக ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒரு மெஷின் நாள். தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பனிமூட்டம். ஒரு இறக்கத்தின் வளைவில் பால் கேனோடு ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். அழுத்தி மிதித்தேன். மிதித்த வேகத்தில் வண்டி முழுக்க உதறியது. ஸ்டேரிங் என் கையை விட்டுத் துள்ளி, முன் பக்கம் இடதுபுறமாக இழுத்தது. அவரை இடிக்கவில்லை. மண் மேட்டை உரசி வண்டி நின்றது. அவள் கதவில் போய் மோதினாள், கதவுக் கைப்பிடியில் அந்த இடது கை.

சைக்கிள்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை விலக்கி, கையை என்னிடம் நீட்டினாள்.

"ஓடுதாங்க?"

நான் விரலை வைத்தேன். ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த என் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுவது என் விரலா, ஓடுவது அவள் இரத்தமா, எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் தெரியவில்லை. கடவுளே, கடவுளே என்று வாய் விட்டுக் கத்தினேன். "சொல்லுங்களேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஓட்டம் இருக்கிறது, ஆனால் கை வீங்கிவிட்டது, இதில் ஊசி போட முடியாது என்றார்கள். கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியாக மெஷினைப் போட்டார்கள். காய்ச்சலும் வந்துவிட்டதால் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் குழாயோடு அவள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அந்த வண்டியின் முன் டயரை எட்டி உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

பாஸிடம் போனேன். அன்றைக்கு அவர் என் காலைப் பற்றி எதுவும் பேசவில்லை. சீவுவதற்கு இனி டிஸ்க்கில் சதை இல்லை என்றார். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட் போட்டார்.

அவள் வார்டில் இருந்த காலம் முழுக்க நான் தினமும் ஏறி இறங்கினேன். காலையில் கோவாவோடு போவேன், பகலில் அவளைப் பார்ப்பேன், மாலையில் திரும்புவேன். ரோதமுனியிடம் எனக்குக் கோபம். நின்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. இவ்வளவு ஊற்றியும் அவள் கையைக் காப்பாற்றத் தெரியாதவருக்கு என்ன தண்ணீர் என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

வண்டி நடுங்கவில்லை.

முதலில் அதை நான் கவனிக்கவே இல்லை. நல்லாயிருக்கிற பல்லை யார் நினைக்கிறார்கள்? நாட்கள் போன பிறகுதான் உறைத்தது. அதே இறக்கம், அதே சுமை, அதே கால். முன்பு டிஸ்க்கைச் சீவிப் போட்ட பிறகு மறுபடியும் ஆடத் தொடங்க எடுத்த காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஸ்டேரிங் கல்லு மாதிரி இருந்தது. பிள்ளையார் அசையவில்லை. அப்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. அவள் இல்லாதபோது வண்டி நன்றாக இருக்கிறது என்ற எண்ணம். அதை நினைத்ததற்காக என்னையே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. லயத்துக்காரர்கள் சொன்னது என் தலைக்குள்ளும் புகுந்துவிட்டதே என்று, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

கையின் வீக்கம் வடிந்தது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மெஷின் நாளில் விடியற்காலையிலேயே புறப்பட்டோம். "என்னங்க, நம்ம வண்டியா இது?" என்று அவள் இறக்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். ரோதமுனிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். நான் கோபத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தப் பீலியைத்தான் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வாளி நிறைந்தது. முதல் கிண்ணத்தை ஊற்றினாள். சுர்ர்ரென்றது. ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது.

நான் சட்டென்று சக்கரத்தைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

அவள் ஊற்றி முடித்து, "குடிச்சிருச்சா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஸ்டேரிங்கில் மெல்ல ஒரு கூச்சம் தொடங்கியது. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகக் கராஜுக்குப் போனேன்.

"பாஸ், சூடா இருக்கிற டிஸ்க்கில பச்சத்தண்ணி ஊத்துனா என்ன ஆகும்?"

பாஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நெளிஞ்சு போகும். ஊத்துன பக்கம் சட்டுன்னு இறுகும், மத்த பக்கம் சூடாவே நிக்கும். நெளிஞ்ச தட்டு ஒவ்வொரு சுத்துக்கும் பேட்ட இடிக்கும், பேட்டும் தேயும், ஸ்டேரிங்கும் ஆடும். யாருண்ணே ஊத்துறது?"

"ரோதமுனிகிட்ட. ரெண்டு வாளி. அப்புறம் மூணாக்குனோம்."

"அட கடவுளே! இவ்வளவு நாளா ஏண்ணே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. என் காலத்தானே கேட்டீங்க."

பாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. மற்ற வண்டிக்காரர்கள் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போகிறார்கள், அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வாளி முழுக்க ஊற்றுகிற பக்தி உள்ளவள் அந்த ரோட்டிலேயே என் மனைவி ஒருத்திதான்.

திரும்பி வரும் வழியில் அவளிடம் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு அதெல்லாம் வராது. போட்டு உடைத்துவிட்டேன்.

"அப்ப வண்டிய கெடுத்தது நாந்தானா?"

"நீ இல்ல புள்ள. தண்ணி."

"தண்ணிய ஊத்துனது நாந்தானே."

அவள் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதைத் தடவிக்கொண்டு வந்தாள். மோதிய கை அது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தால் அடுத்த மூட்டத்தில் அடுத்த சைக்கிள் வரும். என்னதான் செய்வது?

பாஸ் டிஸ்க்கைக் கழற்றி லேசாகச் சீவிக் கொடுத்தார். இனிமேல் தண்ணீர் இல்லை. ரோதமுனிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இருவரும் கும்பிட்டுவிட்டு, விபூதி மட்டும் பூசிவிட்டுப் போனோம். அவள் பீலியைப் பார்க்காமல் ஏறிக்கொள்வாள். வண்டி நடுங்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். முட்டாள்.

மெஷினில் படுப்பதற்கு முன்னால் நிறை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். அவளுக்கு எப்போதும் சொன்ன அளவுக்குள்தான் இருக்கும். வார்டிலேயே நல்ல பிள்ளை என்று பெயர். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய பிறகு நிறை கூடத் தொடங்கியது. சிங்களத்து நர்ஸ் மிஸ் ஒருவர், நல்ல மனுஷி, தராசைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மே, வத்துர பிவ்வத?"

தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கிறார். இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த தடவை நிறை இன்னும் கூடியது. அதற்கடுத்த தடவைக்கு முன்னால் வீட்டில் அவளால் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, இப்படியே போனால் மெஷின் வரைக்கும் வந்து சேரமாட்டார் என்றார். வண்டியைச் சரியாக்கிவிட்டேன், ஏற்றிப் போக ஆள் இருக்காது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வார்டுக்குள் திரும்பினேன்.

ஒரு பகலில் மார்க்கட்டிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். லயத்துக்குப் பின்னாலிருக்கும் பைப்படியில் அவள் குனிந்து நின்றிருந்தாள். வாயைப் பைப்பில் வைத்திருந்தாள். கன்னத்தில், கழுத்தில், ரவிக்கையில் எல்லாம் தண்ணீர். நான் ஓடிப் போய் அவளை இழுத்தேன். கத்தினேன். என்னென்னவோ கத்தினேன், செத்துப்போக ஆசையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்து மூடின. அவள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"முடியலங்க. ஒங்களுக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. முன்னெல்லாம் தாகம் எடுத்தா, நாளானைக்கு ரோதமுனிக்குப் போவோம், ஊத்துவோம்னு நெனச்சுக்குவேன். ஊத்தறப்ப அது சுர்ருன்னு குடிக்கும் பாருங்க, எனக்கே தொண்டைல எறங்குற மாதிரி இருக்கும். ரெண்டு நாளைக்குத் தாங்கும். இப்ப ஒன்னும் இல்ல."

அவள் முகத்தில் வந்த தெளிவை சாமி கொடுத்தது என்று நினைத்திருந்தேனே! அவள் குடிக்காத தண்ணீரைத்தான் அத்தனை நாளும் அந்தச் சக்கரம் குடித்திருக்கிறது. அது குடித்ததால்தான் இவள் குடிக்காமல் இருந்திருக்கிறாள். டிஸ்க்கைக் காப்பாற்றுகிறேன் என்று நான் அவளிடமிருந்த ஒரே தண்ணீரையும் பிடுங்கியிருக்கிறேன். ஊற்றவிட்டால் பிரேக் போகும், பிரேக் போனால் அவள் போவாள். ஊற்றவிடாவிட்டால் வண்டி நன்றாக ஓடும், ஆனால் அவள் குடித்தே போவாள். அந்தப் பைப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. பைப்பை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுபடியும் பாஸிடம் போனேன். எத்தனை பேட் தேய்ந்தாலும் தேயட்டும், மாதா மாதம் மாற்றுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் கேட்டுவிட்டு, "அது முடியாதுண்ணே. ஒரு நாள் எறக்கத்தில காலை வாரும்" என்றார். பிறகு அவரே, "ஆறுன டிஸ்க்குக்கு தண்ணி ஒன்னும் செய்யாது. ஆற விடுங்க. அவ்வளவுதான்" என்றார்.

ஆற விடு. சொல்வது சுலபம். காலை நேரத்து முதல் மெஷின் எங்களுடையது. பிந்தினால் அந்த இடத்தில் அடுத்தவரைப் போட்டுவிடுவார்கள், அல்லது நேரத்தைக் குறைப்பார்கள். மெஷினில் குறைகிற ஒவ்வொரு நிமிஷமும் அவள் உடம்பில் தங்குகிற தண்ணீர்.

மெஷின் நாட்களில் கோவா ஏற்றுவதை விட்டேன். வெறும் பெட்டியோடு, சேவல் கூவுவதற்கு முன்னாலேயே புறப்பட்டோம். இறக்கம் முழுக்கக் கீழ்க் கியரில், கழுதை மாதிரி எஞ்சின் கத்தக் கத்த இறங்கினேன். ரோதமுனிக்கு முன்னால் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தேன். அவள் இறங்கினாள். பல நாளுக்குப் பிறகு பீலிப் பக்கம் போனாள். வாளி நிறைந்தது. அதைக் கொண்டு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் குந்தினேன். சக்கரத்தின் இடுக்கில் உள்ளங்கையை நீட்டினேன். வெக்கை அடித்தது.

"இப்ப ஊத்தவா?"

"இன்னும் இல்ல புள்ள."

பெரிய ரோட்டில் தலவாக்கலை பஸ் ஒன்று போனது. நுவரெலியாவில் இப்போது மிஸ் மெஷினைத் தயார் பண்ணிக்கொண்டிருப்பார். அவள் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. வாளித் தண்ணீரையே பார்த்தாள், ஆனால் குனியவில்லை. நான் மறுபடியும் கையை நீட்டினேன். இரும்பு அதன் பாட்டுக்குத்தான் ஆறும். என் அவசரமும் அதற்குத் தெரியாது, அவள் தாகமும் தெரியாது. ஆறித் தொலையேன் சனியனே என்று திட்டினேன், கும்பிட்டேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் டிஸ்க்கிலேயே விரலை வைத்தேன். சுடவில்லை.

"இப்ப ஊத்து."

அவள் ஊற்றினாள். சத்தம் வரவில்லை, ஆவி வரவில்லை. தண்ணீர் சும்மா இரும்பில் வழிந்து, டயரில் வழிந்து, மண்ணில் இறங்கியது. அவள் ஏமாந்து போனவளைப் போல அதைப் பார்த்தாள். அடுத்த கிண்ணம். அடுத்தது. வாளி காலியானது. என் பக்கம் திரும்பினாள். கேட்கப் பயந்தவளைப் போலக் கேட்டாள்.

"குடிச்சிருச்சாங்க?"

நேரமாகிவிட்டது, ஏறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல புள்ள. பத்தலையாம். இன்னொரு வாளி கேக்குது" என்றேன்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். போகும்போது கிட்டத்தட்ட ஓடினாள்.